கோட்டில் நிற்காத குதிரை

போலீஸ்காரர்கள் வந்தபோது ரத்னபாய் தையல் மிஷினில் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. "இந்த ஓரம் முடியட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டே இருந்தாள்.

அது 1954 ஆகஸ்ட். திருவிதாங்கூர்-கொச்சியில் தமிழ் பேசுகிற தாலுகாக்களை மதராஸ் ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி பாறசாலை, செங்கல், காரக்கோணம் என்று எல்லா ஊர்ச் சந்தையிலும் கொதித்துக்கொண்டிருந்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்துப்போன செய்தி வந்த பிறகு, நாலு பேர் கூடி நின்றாலே ஜீப் வந்தது. ரத்னபாயின் கணவன் செல்லசாமி நெய்யாற்றின்கரையில் ஒரு அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவன். ஊர்வலத்தில் போனவனை அப்படியே பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அச்சு வேலைக்காரன் வீட்டில் நோட்டீஸ் இல்லாமல் இருக்குமா என்று இப்போது தேட வந்திருக்கிறார்கள்.

அரிசிப் பானைக்குள் கையை விட்டார்கள். பாயை உதறினார்கள். வேதப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார்கள். கடைசியில் சுவர் ஆணியில் தொங்கிய பாஞ்சோவை ஒருவன் கழற்றினான். வட்டமாகத் தோல் போர்த்திய முகமும் நீண்ட கழுத்துமாக இருந்த அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"எந்தாடி இது?"

"பாஞ்சோ."

"இதினகத்து எந்தா?"

"சத்தம்" என்றாள் ரத்னபாய்.

மற்றவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டவனுக்குக் கோபம் வந்துவிட்டது. முளைகளை ஒவ்வொன்றாகத் திருகினான். கம்பிகள் தொய்ந்ததும், தோலின்மேல் நின்றிருந்த சின்ன மரத்துண்டு சாய்ந்து விழுந்து மிஷினுக்கு அடியில் ஓடியது. மூன்று கால் வைத்த அந்தத் துண்டைத்தான் குதிரை என்பார்கள். கம்பிகளைத் தூக்கிப் பிடிப்பதும் அவற்றின் அதிர்வைத் தோலுக்கு இறக்குவதும் அதுதான்.

"பொட்டிப்போயி" என்றான் போலீஸ்காரன், கொஞ்சம் பயந்துபோய்.

இப்போதுதான் ரத்னபாய் எழுந்தாள். குனிந்து குதிரையை எடுத்துத் துடைத்தாள். கால் மூன்றும் சரியாக இருந்தன.

"ஒடயல்ல. ஒடஞ்சிருந்தா ஒம்மள இஞ்சேருந்து விட்டிருக்கமாட்டேன். நீரு போவும்."

கருவாடு பொதிந்து வந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைத் தாளை அவர்கள் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

ரத்னபாய்க்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. ஆலம்விளைச் சபையின் பழைய உபதேசியாருடைய மகள். மிஷன் பெண்கள் போர்டிங்கில் தமிழும் மலையாளமும் படித்து, இரண்டிலும் நன்றாகச் சண்டை போடத் தெரிந்தவள். வீட்டில் தையல், ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பாட்டுக்குழு. அந்தப் போர்டிங்கை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸிதான் பாஞ்சோவைக் கப்பலில் கொண்டுவந்தது. சீமைக்குத் திரும்பும்போது, "இது பாடுற பெண்களுக்கு" என்று சொல்லி ரத்னபாயின் கையில் வைத்துவிட்டுப் போனாள். போவதற்கு முன் குதிரை நிற்க வேண்டிய இடத்தில் தோலின்மேல் பென்சிலால் நேராக ஒரு கோடு போட்டாள்.

ஆலம்விளையில் அந்தக் கோட்டுக்குக் கிடைத்த மரியாதை பத்துக் கட்டளைகளுக்குக் கிடைத்ததா என்பது சந்தேகம். கம்பி மாற்றும்போதெல்லாம் பெண்கள் கூடி நின்று குதிரையின் கால் கோட்டில் படிகிறதா என்று பார்ப்பார்கள். செல்லசாமியின் தங்கை சுகுமாரி பக்கவாட்டில் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இன்னா, பட்டாச்சு" என்று சொன்னால்தான் ரத்னபாய் முளையை முறுக்கலாம்.

மிஸ்ஸி இருந்தபோது நரம்புக் கம்பிகள். யுத்த காலத்தில் அவை அறுந்து, வேறு கிடைக்காமல், ரத்னபாய் எஃகுக் கம்பிகளைப் பூட்டினாள். அன்றிலிருந்து ஒரு கோளாறு வந்தது. கீழ் ஸ்வரங்கள் ஒழுங்காகப் பேசும். கழுத்தின் நடுவைத் தாண்டி விரல் ஏறினால் ஸ்வரம் கொஞ்சம் தூக்கலாக, குரலோடு சேராமல், பல்லில் மணல் கடிபட்டதுபோல் நிற்கும். ஏன் என்று ரத்னபாய்க்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்க ஒரு வழி செய்தாள். பாட்டு மேலே ஏறுகிற இடம் வந்ததும் பாஞ்சோவை நிறுத்திவிடுவாள். பெண்கள் கை தட்டுவார்கள். ஆர்மோனியம் சுருதியைத் தாங்கிக்கொள்ளும். இறங்கி வந்ததும் பாஞ்சோ மறுபடி சேர்ந்துகொள்ளும். நாளடைவில் அதுவே ஆலம்விளைப் பாணி ஆயிற்று. காரக்கோணத்திலிருந்து வந்தவர்கள் அந்தக் கைத்தட்டைக் கேட்டு மெச்சிவிட்டுப் போனார்கள்.

போலீஸ் வந்துபோன அந்த வருஷம், விளைச்சலின் முதல் பலனைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்புப் பண்டிகைக்குச் சில வாரம் இருக்கையில், ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் சத்தியதாஸ் எழுந்து நின்றார். வில்லேஜ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தான். சபையில் யார் யார் ஊர்வலத்துக்குப் போனார்கள் என்று இன்ஸ்பெக்டர் ஒரு தடவை அவரை அழைத்து விசாரித்திருந்தார். அதிலிருந்து அவருக்கு உறக்கமில்லை.

"இந்த வருசம் அறுப்புப் பண்டிகைக்கு மலையாளப் பாட்டு மட்டும் பாடினா போரும்ணு கமிட்டி தீருமானம்" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ரத்னபாயின் குரல் வந்தது. "ஏன், கர்த்தருக்குத் தமிழ் மறந்துபோச்சா அண்ணே?"

"பிள்ளே, கர்த்தருக்கு எல்லாம் தெரியும். இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. பாட்டுல என்ன இருக்குண்ணு அவனுக்கு ஆரு சொல்லிக் குடுக்கது?"

"முதற்குல வெட்டினோம்ணு இருக்கு. வாழக்குல. வேணும்ணா அவனுக்கும் ஒரு சீப்பு குடுத்து விடுவோம்."

ஆலம்விளை அறுப்புப் பாட்டு ரத்னபாயின் அப்பா கட்டியது. 'முதற்குலை வெட்டிவந்தோம், முற்றம்வரை வாருமையா' என்று தொடங்கும். வாழையும் மரச்சீனியும் சேனையும் பெட்டைக்கோழியும் வரிசையாக வரும். அது இல்லாமல் அந்தச் சபையில் அறுப்புப் பண்டிகை நடந்ததே கிடையாது.

சத்தியதாஸ் கையை வீசினார். "வாதாட எனக்குச் சமயமில்ல. ஆர்மோனியப் பெட்டிய நான் பூட்டியாச்சு. சாவி என் கையில. சுருதி இல்லாம எப்பிடிப் பாடுவியண்ணு பாப்போம்."

"பாஞ்சோ உண்டு."

"ஓ, பாஞ்சோ! பாட்டு மேல ஏறும்போ வாயப் பொத்திக்கிடுத பாஞ்சோதானே?"

ஆண்கள் பக்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ரத்னபாய்க்கு முகம் காந்தியது. மெச்சிக்கொண்டிருந்த பாணிக்குள் இருக்கும் ஓட்டை இந்த மனிதருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. முற்றம்வரை வாருமையா என்று ஏறுகிற இடத்தில் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லையென்றால் பெண்களின் குரல் ஆளுக்கொரு பக்கம் சரிந்து, பாட்டு நடுவில் நின்றுபோகும். தடுத்து நிறுத்துவதைவிட அது மோசம். கமிட்டி ஒன்றும் செய்ய வேண்டாம். தாங்களே தோற்றுப்போவார்கள்.

"மேல ஏறும்" என்றாள். "ஏறாட்டா நான் பின்ன இந்தப் பெஞ்சில இருக்கமாட்டேன்."

அவள் சொன்னதை அவளே எப்படி நிறைவேற்றப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் பாஞ்சோ, போலீஸ்காரன் தளர்த்திப்போட்ட கோலத்தில், குதிரை இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் செல்லசாமிக்கு மாற்றுத் துணி கொடுக்க அவள் நெய்யாற்றின்கரைக்குப் போய்த் திரும்பியபோது, சுகுமாரியும் அவள் கணவன் ராஜையாவும் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். ராஜையா தச்சன். சபையின் பெஞ்சுகளும் பிரசங்க பீடமும் அவன் கைவேலை. பாஞ்சோவை மடியில் கிடத்தி, பிறந்த பிள்ளையைக் காட்டுகிற மாதிரிக் காட்டினான்.

"எக்கா, இனி எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் இத அசைக்கமாட்டான். வச்சிரம் காய்ச்சி ஒட்டியாச்சு. மிஸ்ஸி போட்ட கோட்டுமேலயே, ஒரு மயிரிழை மாறல்ல."

"நானாக்கும் கண்ணு வெச்சுப் பாத்தது" என்றாள் சுகுமாரி.

ரத்னபாய் கம்பிகளை முறுக்கி மீட்டினாள். நனைந்த சாக்கில் தடி பட்ட சத்தம். மேலே விரலை ஏற்றினாள். பழைய கோளாறு அப்படியே இருந்தது. கூடவே பசை காய்ந்து தோலை இழுத்துப் பிடித்ததில் கரகரப்பு ஒன்றும் சேர்ந்திருந்தது.

ராஜையாவின் முகம் சுண்டிவிட்டது. "என்னவாக்கும் கொற?"

"இது ஒட்டுத சாமானில்ல ராஜையா. கம்பி அமுக்குத அமுக்கத்திலதான் நிக்கும்."

"அப்ப ஆரு தட்டினாலும் விழுமே எக்கா?"

"விழட்டு. விழுந்தா எடுத்து வைக்கலாம். தப்பான எடத்தில ஒட்டிப்போட்டா எங்க கொண்டு வைக்கது?"

தப்பான இடம் என்று வாயிலிருந்து வந்தபிறகுதான் அவளே அதைக் கேட்டாள். இத்தனை வருஷம் கம்பியைக் குறை சொன்னாள், தோலைக் குறை சொன்னாள், தன் விரலைக் குறை சொன்னாள். கோட்டைச் சந்தேகப்பட்டதே இல்லை.

முதலில் ஒட்டியதை எடுக்க வேண்டும். தோல் கிழிந்தால் கதை முடிந்தது. அந்தத் தாலுகாவில் வேறு பாஞ்சோத் தோல் ஏது? ரத்னபாய் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, ஈரத்துணியின் நுனியை அதில் சூடாக்கி, குதிரையின் காலடியில் மட்டும் ஒற்றினாள். பசை இளகியதும் மெழுகு தடவிய தையல் நூலைக் காலுக்கு அடியில் கொடுத்து, இரு கையாலும் முன்னும் பின்னும் பைய இழுத்தாள். ராஜையா பார்க்க மாட்டாமல் முற்றத்துக்குப் போய்விட்டான். ஒரு கால் விட்டது. இரண்டாவது கால் விட்டது. மூன்றாவது விடுவதற்குள் சுகுமாரி மூன்று தரம் 'ஏசுவே' என்றாள். குதிரை கையோடு வந்தது. தோல் தப்பியது.

ஆனால் ஈரத்துணி பட்ட இடத்தில் பென்சில் கோடு பாதி கரைந்து போயிருந்தது.

"மைனி! கோடு போச்சே!" சுகுமாரி வாயில் கை வைத்தாள். "மிஸ்ஸி போட்டதாக்குமே. இனி எங்கேண்ணு வைக்கது?"

ரத்னபாய் மிச்சமிருந்த பாதியைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலில் எச்சில் தொட்டு அதையும் தேய்த்து அழித்தாள்.

"பிராந்தா பிடிச்சிருக்கு ஒனக்கு?" என்று பதறினாள் சுகுமாரி.

"மிஸ்ஸி போட்டது மிஸ்ஸியோட கம்பிக்கு. இது எனக்க கம்பி."

தோல் காய்ந்து மறுபடி விறைக்கக் காத்திருந்தாள். தோலைச் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிராக முறுக்கினாள். பிறகு ஒரு மத்தியானம் தையலை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஓரத்துக் கம்பிகள் இரண்டை மட்டும் மாட்டி, குதிரையை அவற்றுக்கு அடியில் நுழைத்து நிமிர்த்தினாள். அவை பிடித்துக்கொண்டபின் மற்றவற்றை மாட்டினாள். முறுக்க முறுக்கக் கம்பி குதிரையின் தலையைக் கழுத்துப் பக்கமாக இழுத்தது. இரண்டு கட்டைவிரலாலும் பின்னுக்குத் தள்ளி, முதுகு செங்குத்தாக நிற்கிறதா என்று கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தாள். சாய்ந்து நின்றால் சத்தமும் சாகும், ஒருநாள் குதிரையும் விழும்.

இடம் எது என்பதுதான் பாக்கி.

மிஸ்ஸி செய்தது ஒன்று அவளுக்கு நினைவிருந்தது. கம்பியின் நட்டநடுவில், சிப்பிப் பொட்டு இரட்டையாகப் பதித்த மெட்டுக்கு நேர்மேலே, விரலை அழுத்தாமல் சும்மா தொட்டு மீட்டுவாள். மணி அடித்ததுபோல் ஒரு சத்தம் வரும். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுவாள். பிறகு குதிரையைக் கட்டைவிரலால் ஒரு நெருடு நெருடுவாள். போர்டிங் பிள்ளைகள் அதை வெள்ளைக்காரியின் கொஞ்சல் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

ரத்னபாய் தொட்டாள். மணி. அழுத்தினாள். அதே ஸ்வரம்தான் வரவேண்டும், ஆனால் ஒரு நூல் மேலே நின்றது. அழுத்தும்போது கம்பி தூக்கலாகப் பேசினால் கம்பிக்கு நீளம் போதவில்லை. நீளம் வேண்டுமென்றால் குதிரை கழுத்திலிருந்து விலகிப் பின்னே போகவேண்டும். அதாவது கோடு இருந்த இடத்தைத் தாண்டி. நகக்கண் அளவு தள்ளினாள். சுருதி கலைந்தது, மறுபடி கூட்டினாள். தொட்டாள், அழுத்தினாள். இன்னும் கொஞ்சம். அதிகம் தள்ளிவிட்டாள், இப்போது அழுத்தின ஸ்வரம் கீழே கிடந்தது. திரும்பக் கொண்டுவந்தாள். தொட்டது, அழுத்தினது இரண்டும் ஒன்றாக வந்தபோது அவளுக்குக் கழுத்து மயிர் சிலிர்த்தது.

அது மெல்லிய கம்பி. தடித்த கம்பியின் பக்கம் வந்தால் அங்கே இன்னும் தூக்கல். அந்தக் காலை மட்டும் மேலும் பின்னுக்குத் தள்ளவேண்டியிருந்தது. எல்லாம் முடிந்தபோது குதிரை, குறுக்கே நேராக நிற்காமல், ஒருபக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக நின்றது.

மாலையில் பாட்டுக்கு வந்த சுகுமாரி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "கோணலா நிக்குதே மைனி!"

"நிக்கட்டு."

"சத்தியதாஸ் அண்ணன் பாத்தா என்ன சொல்லுவாவ?"

"அவிய பாட்டுக் கேக்க வருவாவளா, குதிரய அளக்க வருவாவளா? நீ பாடு."

பாடினார்கள். முற்றம்வரை வாருமையா என்று ஏறும் இடத்தில் பெண்களெல்லாம் பழக்கத்தில் கை தட்டினார்கள். பாஞ்சோ நிற்கவில்லை. அது அவர்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. திகைத்துப் பாட்டை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. கைத்தட்டை மறக்க அவர்களுக்கு அந்த வாரம் முழுக்க ஆயிற்று.

பண்டிகையன்று காலையிலிருந்தே மழை. கோயில் முழுக்க ஈரத்துணி வாடையும் பழுத்த பாளையங்கோட்டான் வாழைக்குலை வாடையும். கால் கட்டிய கோழிகள் பலிபீடத்துக்கு அருகில் கொக்கரித்துக்கொண்டிருந்தன. வாசலில், யார் வீட்டு விருந்தாளியும் அல்லாத ஒருவன் சாதா வேட்டியில் நின்றான். அவன் யாரென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மலையாளப் பாட்டுக்காரர்கள் பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். ரத்னபாயும் கூடப் பாடினாள். மலையாளத்தோடு அவளுக்கு வழக்கே இல்லை.

காணிக்கை எடுத்து வரும் நேரத்து மலையாளப் பாட்டுக்காக, சத்தியதாஸ் மறுபடி பூட்டியிருந்த ஆர்மோனியத்தைத் திறக்க எழுந்தார். அவர் சாவியைத் தேடுவதற்குள் ரத்னபாய் எழுந்து நின்றாள். ஒரு மீட்டு மீட்டினாள். 'முதற்குலை வெட்டிவந்தோம்' என்று பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்தது.

சத்தியதாஸ் கையை உயர்த்தினார். போதகர் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ஆரம்பித்தார். வாசலில் நின்றவன் உள்ளே எட்டிப் பார்த்தான். ஏறும் இடம் வந்தது. ஆண்கள் பக்கத்தில் பலர் கைத்தட்டுக்குக் காத்திருந்தார்கள். சிலர் குரல் உடைவதற்குக் காத்திருந்தார்கள். ரத்னபாயின் விரல் இரட்டைப் பொட்டைத் தாண்டி ஏறியது. பாஞ்சோவும் குரல்களும் ஒரே கயிறாக முறுக்கிக்கொண்டு மேலே போயின. கடைசிச் சரணத்துக்கு ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். குலையைத் தோளில் வைத்துக்கொண்டு நடுவழியில் நின்ற கிழவர் ஒருவர் குலையோடு பாடினார்.

காணிக்கைப் பொருட்களின் ஏலம் தொடங்கும் முன்பே சத்தியதாஸ் அவளை வாசற்படியில் மறித்தார்.

"பாஞ்சோவ இஞ்ச தா. சபைச் சொத்தாக்கும் அது."

"பாடுத பெண்ணுங்களுக்குண்ணு மிஸ்ஸி எனக்க கையில தந்தது."

"எழுத்து உண்டா?"

எழுத்து இல்லை. ரத்னபாய் படியில் உட்கார்ந்து முளைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

"என்ன செய்யுத நீ?"

"ஈரத்துக்குத் தோலு தொய்யும். கம்பிய தளத்தித்தான் வைக்கணும்."

குதிரை அவள் உள்ளங்கையில் விழுந்தது. கைக்குட்டையில் முடிந்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். பாஞ்சோவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அது என்ன, உள்ள வெச்சது?"

"குதிர."

"அதுவும் சபைச் சொத்துதான்."

"ஆகட்டு. எடுத்துக்கிடுங்க."

பின்னால் நின்ற பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். சத்தியதாஸ் பாஞ்சோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

டிசம்பர் தொடக்கத்தில் செல்லசாமி ஜாமீனில் வந்தான். மெலிந்திருந்தான். கதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நான் லாக்கப்புல கெடக்கேன், நீ பாஞ்சோவுக்கு வேண்டியா சண்ட போட்டுட்டு இருந்த?"

"ஒமக்கு வேண்டி மட்டுந்தான் போடணும்ணு வேதத்தில எழுதியிருக்கா?"

அவன் சிரித்தான். சிறையிலிருந்து வந்தபின் முதல் சிரிப்பு அதுதான்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. வீடுவீடாகக் கரோல் பாடப் போகவேண்டும். ஆர்மோனியத்தைச் சேற்று வரப்பில் சுமக்க ஆள் கிடையாது. சத்தியதாஸ் தம் தங்கை மகன் மோகனனிடம் பாஞ்சோவைக் கொடுத்தார். புதுக் குதிரை செய்யச் சொன்னபோது ராஜையா தனக்குக் கைவலி என்றான். பாறசாலையில் வேறொரு தச்சனிடம் செய்வித்தார்கள். சத்தியதாஸ், வில்லேஜ் ஆபீஸ் பழக்கத்தில், அடிக்கோல் வைத்துத் தோலின்மேல் தம் கையாலேயே புதிதாக ஒரு கோடு போட்டார். மிஸ்ஸியின் கோடு எங்கே இருந்தது என்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்ததாம். நல்ல நேரான கோடு. அதன்மேல் குதிரையை நிறுத்தி, மோகனனைக் கூட்டிக்கொண்டு விளக்கு வைக்கிற நேரத்தில் கிளம்பினார்.

முதல் வீட்டில் கதவைத் திறந்த அம்மாள், "ஆருக்காவது சொகமில்லியா?" என்று கேட்டாள். அடுத்த வீட்டுக்காரர்கள் இரண்டாவது சரணத்துக்குக் காத்திராமல் காப்பியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வரப்பில் பின்தொடர்ந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாஞ்சோ மாதிரியே பாடிக் காட்டினார்கள். மோகனன் பாதியில் பாஞ்சோவை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் சத்தியதாஸ் ரத்னபாயின் வாசலில் நின்றார். செல்லசாமி பெஞ்சைத் துடைத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"பிள்ளே, அந்தக் குதிரைய தா. பண்டிகை களிஞ்ஞு திருப்பித் தாறேன்."

"தரமாட்டேன்."

"பின்ன?"

"நான் வாறேன். பெண்ணுங்களும் வருவாவ. ஒரு மலையாளம் பாடினா ஒரு தமிழ். எல்லா வீட்டிலயும்."

"நீ என்னயக் கொல்லப் பாக்குத. எனக்க மகனுக்கு உத்தியோகம் போனா நீ குடுப்பியா?"

அவர் குரல் உடைந்தது. பயம் நிஜமான பயம்தான். ரத்னபாய் அதைப் பார்த்தாள். ஆனாலும் இறங்கவில்லை.

"அண்ணே, எனக்க மாப்பிள உள்ள கெடந்தாவ. நான் பயப்படாமலா இருந்தேன்? பயந்துட்டேதான் பாடினேன். நீங்களும் பயந்துட்டே கூட நில்லுங்க. இன்ஸ்பெக்டர் கேட்டா, பொண்ணுங்க சொன்னாக் கேக்கல்லண்ணு எனக்க பேரச் சொல்லுங்க."

"பேரு அவன்கிட்ட ஏற்கெனவே உண்டு" என்றான் செல்லசாமி.

சத்தியதாஸ் பெஞ்சில் உட்கார்ந்தார். "மொதல்ல மலையாளம்" என்றார்.

"சரி. அடுத்த வீட்டில மொதல்ல தமிழ்."

அப்படித்தான் அந்தக் கிறிஸ்துமஸ் நடந்தது. போலீஸ் வரவில்லை. அதன் பிறகு ஞாயிறுதோறும் அதுவே வழக்கமாயிற்று. பாஞ்சோ கோயில் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். சாவி சத்தியதாசிடம். குதிரை ரத்னபாயின் கைக்குட்டையில். ஆராதனைக்கு முன்பே வந்து அவள் குதிரையை நிறுத்துவாள், தொட்டும் அழுத்தியும் இடம் பார்ப்பாள். மழைக்காலத்தில் ஓரிடம், வேனலில் ஓரிடம். அவர் போட்ட நேர்கோடு அப்படியே இருந்தது. அதன்மேல் ஒருநாளும் நிறுத்தவில்லை. ஒரு மலையாளம், ஒரு தமிழ். பிறகு தளர்த்தி, குதிரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

1956 நவம்பரில் எல்லை வந்தது. விளவங்கோடு, கல்குளம் பக்கமெல்லாம் மதராசோடு சேர்ந்தது. ஆலம்விளை இருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. செல்லசாமி அன்று வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ் அச்சாபீஸ் வேலை கிடைக்கும், குடும்பத்தோடு போய்விடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். அவனுக்கும் மனசு இருந்தது.

"நீரு போணும்ணா போவும்" என்றாள் ரத்னபாய். "நான் எதுக்குப் போணும்? அங்க எல்லாவனும் தமிழ்லதான் பாடுவான். இஞ்ச நான் இல்லேண்ணா அடுத்த ஞாயிறே தமிழ்ப் பாட்ட நிறுத்திப்போடுவாவ."

அவன் போகவில்லை. தினமும் பஸ்சில் நெய்யாற்றின்கரைக்குப் போய், மலையாள எழுத்துக்களைக் கோத்துக்கொண்டிருந்தான்.

சத்தியதாஸ் செயலாளர் வேலையை விட்டபின், வடக்கேயிருந்து மாற்றலாகி ஒரு புதுப் போதகர் வந்தார். இளைஞர். தமிழ் தெரியாது, ஆனால் பாட்டு பிடிக்கும். ஞாயிறுதோறும் இந்த அம்மாள் குதிரையை நிறுத்துவதையும் கழற்றுவதையும் பார்த்துவிட்டு, ஒருநாள் மலையாளத்தில் கேட்டார். இவ்வளவு சிரமம் எதற்கு, சரியான இடத்தில் நிறுத்தி அப்படியே அலமாரியில் வைத்துவிடக் கூடாதா, யார் எடுத்துப்போகப் போகிறார்கள்?

ரத்னபாய் கடைசி முளையைத் தளர்த்தினாள். குதிரையைக் கைக்குட்டையில் வைத்து முடிச்சுப் போட்டாள்.

"வைக்கலாம், அச்சனே" என்றாள், அவருக்குப் புரியட்டும் என்று மலையாளத்திலேயே. "வெச்சுட்டுப் போனா, நாங்க வராத அன்னைக்கும் நீங்க தமிழ் இல்லாம பாடிப்போடுவிய."